ஒப்புமை என்னும் ஆசான்

வரதராசப் பெருமாள் கோயில் விளங்கும் சின்ன காஞ்சிபுரத்தில், தறியோசை கேட்கும் தெரு ஒன்றில், ‘சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்’ என்று எழுதியிருக்கக் கண்டேன். உடன் வந்த மாணவன் நகைத்தான். “ஐயா, ‘சுவரில்’ என்பதன்றோ சரி?” என்றான். சரியே. ஆயினும், நகைக்கும் முன் அப்பிழை பிறந்த வழியை ஆராய்தல் வேண்டும்.

கிணறு ‘கிணற்றில்’ என்றும், வயிறு ‘வயிற்றில்’ என்றும் ஆகின்றன. சுவரைப் பேச்சில் ‘சுவரு’ என்கிறோம். ரகர றகர வேறுபாடும் பேச்சில் மங்கிவிட்டது. ஆகவே, செவி அதனைக் கிணற்றுக்கு இனமாக்கியது. கை ‘சுவற்றில்’ என்று எழுதியது. இஃது அறியாமை அன்று. இனம் தவறிய ஒப்புமையே ஆகும்.

ஒப்புமையின் ஆற்றலை ஸ்பானிய மொழியிலும் காணலாம். அம்மொழியில் ‘காசா’ என்பது வீடு; சிறு வீடு ‘காசித்தா’. ‘லெயோன்’ என்பது சிங்கம். சிறு சிங்கம் ‘லெயோன்சித்தோ’. எச்சொல் எவ்விகுதியை ஏற்கும்? ராயல் ஸ்கௌசன் என்னும் அமெரிக்க அறிஞர் 1989-ஆம் ஆண்டில் ஒப்புமைவழிக் கணிப்பு முறையை ஒரு நூலில் விளக்கினார். டேவிட் எடிங்டன் அதனை ஸ்பானியச் சொற்களில் ஆய்ந்து பார்த்தார். அம்முறையில் கணிப்பொறிக்கு விதி எதுவும் கற்பிப்பதில்லை. எடுத்துக்காட்டுச் சொற்களையே தருகின்றனர். புதுச் சொல் ஒன்று வந்தால், அஃது ஒலியால் நெருங்கிய சொற்களைத் தேடி, அவை சென்ற வழியைக் காட்டும். அவ்வழி பெரும்பாலும் சரியாகவே அமைகிறது.

இதனால் நாம் அறிவது யாது? விதியை மனப்பாடம் செய்வது மட்டும் மொழிப் பயிற்சி ஆகாது. சுவருக்கு உண்மையான இனம் எது? ஊர், தேர், மலர் என்பனவே. ஊரில், தேரில், மலரில் என்று சொல்லிப் பார்த்தவன் ‘சுவரில்’ என்பதை மறவான். ஒப்புமையால் வந்த பிழை ஒப்புமையாலேயே தீரும். விதி அதற்குக் காரணம் காட்டும்.

மாணவர்களே! பிழையான எடுத்துக்காட்டுகளைத் தந்தால் கணிப்பொறியும் பிழையே கூறும். குழந்தையும் அவ்வாறே. பாவில் ஓரிழை பிறழ்ந்தால் அப்பிழை சேலையின் நீளம் முழுதும் தொடரும் என்பதை நெசவாளர் அறிவர். நீங்கள் எழுதும் ஒவ்வொரு சொல்லும் பிறர்க்கு எடுத்துக்காட்டாகும். ஆதலின், பிழை செய்தாரை இகழாதீர். நல்ல எடுத்துக்காட்டைத் தருவீராக!