தேஞ்ச கத்தி... ஏறுற மீட்டர்!

பேரணாம்பட்டு, ஆம்பூர் பசங்களுக்கு ஷூ பத்தி பாடம் எடுக்க வேணாம். ஹீல் தேஞ்ச பக்கத்தைப் பார்த்தே ஆள் நடக்கிற தினுசைச் சொல்லிடுவாங்க. ஆனா, மண்ணுக்குள்ள சுத்துற ரோட்டவேட்டர் கத்தியை யாரு குனிஞ்சு பார்க்கிறது?

சரளை மண்ணுல கத்தி சீக்கிரம் தேயும். தேஞ்ச கத்தி ஆழமா இறங்காது, ஒரே நிலத்தை ரெண்டு தடவை ஓட்டணும். வாடகையோ மணிக்கணக்கு! வேளாண்மைப் பொறியியல் துறை வண்டின்னாலும் அதே கணக்குதான். தேஞ்ச இரும்புக்கு தண்டம் அழறது நிலத்துக்காரர்.

கார் பிரேக் பேடுல ஒரு ட்ரிக் உண்டு. உள்ளே மெல்லிசா ஒரு ஒயர். அந்த அளவுக்குத் தேஞ்சதும் ஒயர் அறுந்து டிரைவர் முன்னாடி விளக்கு எரியும். உழவுக் கருவி முனைக்கும் இதே ஐடியா பொருந்தும்.

சட்டிக் கலப்பைக்கு இன்னொரு வழி இருக்கு. சட்டி தேஞ்சா விட்டம் குறையும். டிராக்டர் அதே ஸ்பீடுல போனாலும் சட்டி கூடுதலா சுத்தும். ஒரு காந்தம், ஒரு ஹால் சென்சார் வச்சு சுற்றை எண்ணினா, தேய்மானம் ஏறக்குறைய தெரிஞ்சிடும். மண்ணுல வழுக்குறதால கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அதுதான் தலைவலி.

மெக்கானிக்கல் மக்கா, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரெடி! ஒண்ணே ஒண்ணு... விளக்கை டிரைவர் சீட்டுக்கு எதிரே மட்டும் மாட்டாதீங்க. வரப்புல நின்னு காசு கொடுக்கிற பெரியவருக்கும் தெரியுற மாதிரி பின்னாடியும் ஒண்ணு மாட்டுங்க.