கால்சைன் வந்த பிறகு

அமெச்சூர் வானொலிக்கு ஆள் சேர்க்கும்போது நாம் சொல்வது பெரும்பாலும் பேரிடர்க் கதைகள்தான். தொலைதூரத் தொடர்புகளுக்காக 2004 டிசம்பரில் போர்ட் பிளேர் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர், ஆழிப்பேரலைக்குப் பின் அந்தமானின் செய்தித் தொடர்பைத் தாங்கி நின்றார்கள். புதுக்கோட்டைக்காரர்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் சாய்த்த மின்கம்பங்களை அவர்களே பார்த்தவர்கள்.

கதையில் குறையில்லை. அதைக் கேட்டுத் தேர்வெழுதி, காத்திருந்து வியூ3 கால்சைன் வாங்கியவரை அதன்பின் யார் கவனிக்கிறோம்? கையில் இருக்கும் காசுக்கு ஒரு ஹேண்டி வாங்குகிறார். ஆலங்குடியில் மொட்டைமாடியில் நின்று 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை தேடுகிறார். ஐந்து வாட், குட்டை ரப்பர் ஆன்டெனா, சுற்றிலும் சமவெளி. ரிப்பீட்டர் எட்டாத இடமென்றால் இரைச்சல்தான் மிஞ்சும். சில மாதத்தில் ஹேண்டி அலமாரிக்குள் போய்விடும்.

இவர்களை முதலில் 40 மீட்டருக்குக் கூட்டிவர வேண்டும் என்பது எங்கள் கருத்து. எச்எஃப் ரிக் விலை அதிகம், உண்மைதான். சங்கங்களில் சும்மா கிடக்கும் பழைய ரிக்குகளை இரவல் கொடுக்கலாமே. ஆன்டெனாவுக்குச் செலவே இல்லை. 143-ஐ 7.1-ஆல் வகுத்தால் இருபது மீட்டர் சொச்சம். பக்கத்துக்குப் பத்து மீட்டர் செம்புக் கம்பி. கொஞ்சம் நீளமாகவே வெட்டி, எஸ்டபிள்யூஆர் பார்த்துப் பார்த்துக் குறைக்க வேண்டும். நடுவை ஒரு கம்பத்தில் உயர்த்தி, இரு முனைகளையும் கயிற்றால் சரிவாக இழுத்துக் கட்டினால் போதும். தென்னையில் கட்டுவதானால் கயிற்றைத் தளர விடுங்கள், மரம் ஆடும். மின்கம்பி பக்கத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம். கம்பி தாழ்வாக இருக்கிறதே என்ற கவலையும் வேண்டாம்: அலை மேலெழும்பித் திரும்புவதால் பகலில் சென்னை, பெங்களூரு, கொச்சி எல்லாம் கேட்கும்.

அடுத்த தடை மைக் பயம். கால்சைனைச் சொல்வதற்குள் தொண்டை அடைக்கும். அந்த நேரம் பார்த்து, சிக்னல் ரிப்போர்ட்கூடக் கொடுக்காமல் "ரிக் என்ன, எத்தனை வாட்?" என்று கேட்கும் மூத்தவர்கள் நம்மிடையே உண்டு! நெட் கன்ட்ரோலில் இருப்பவர் புதியவரை முதலில் அழைத்து, பெயரையும் ஊரையும் நிதானமாகக் கேட்டு வாங்கினால் பாதி பயம் போய்விடும்.

பன்னிரண்டு வயதிலேயே தேர்வெழுதலாம் என்பதால் பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள். அவர்களிடம் கியூ கோடுகளை அடுக்காதீர்கள், தமிழிலேயே பேசுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். அதற்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறந்தாங்கி, மணமேல்குடிப் பக்கத்துப் புதியவர்கள் வீட்டு மின்சாரத்தைத் தொடாமல், 12 வோல்ட் பேட்டரியில் மட்டும் பேசிப் பார்க்கட்டும். அன்று பதில் சொல்ல நாம் ரிக்கைப் போட்டு வைத்திருக்க வேண்டும்.