"ஒரு போர் தானே, அதுக்கா இவ்வளவு போராட்டம்?"



என்கூட இன்ஜினியரிங் படிச்ச பசங்களே கேட்கிற கேள்வி இது. "ஊர்ல ஆயிரம் போர் போடுறீங்க. மீத்தேன் எடுக்க ஒண்ணு போட்டா மட்டும் டெல்டா அழிஞ்சிடுமா?" கிண்டல் பண்ணாம பதில் சொல்லிடலாம்.

முதல்ல, அது ஒரு போர் இல்ல. நிலக்கரிப் படுகையில கேஸ் சிலிண்டர்ல இருக்கிற மாதிரி அடைஞ்சு கிடக்காது. கரியோட நுண்துளைகள்ல ஒட்டிக்கிட்டு இருக்கும். அதை அங்கேயே பிடிச்சு வச்சிருக்கிறது நிலத்தடி நீரோட அழுத்தம். அந்த அழுத்தத்தைக் குறைச்சாத்தான் கேஸ் பிரியும். அதுக்கு மாசக்கணக்கில தண்ணியை இறைச்சு வெளிய விடணும். ஒரு கிணறு சின்ன வட்டத்துக்குத்தான் வேலை செய்யும், அதனால கிணறுகளை வரிசையா போட்டுக்கிட்டே போகணும். 2010-ல ஒப்பந்தம் போட்ட மன்னார்குடி பிளாக்கோட பரப்பு 691 சதுர கிலோமீட்டர். இப்போ கணக்கு போட்டுப் பாருங்க.

வெளிய வர்ற தண்ணி பெரும்பாலும் உப்பு. அதை எங்க விடுவீங்க, வெண்ணாத்துலயா? ஜூன் 12 மேட்டூர் திறக்கலன்னா போர் தண்ணியை நம்பித்தான் குறுவை. கடலோரத்துல ஏற்கெனவே உப்பு உள்ள ஏறிக்கிட்டு இருக்கு.

"வெளிநாட்டுல ஒழுங்கா நிர்வகிக்கலையா?"ன்னு அடுத்த கேள்வி வரும். ஆஸ்திரேலியாவோட குயின்ஸ்லாந்தைப் பாருங்க. கேஸ் கிணறுகளால விவசாயி போர்ல தண்ணி குறைஞ்சா, கம்பெனி அதை ஈடு செய்யணும்னு அங்க சட்டமே இருக்கு. பாதிக்கப்படப் போற போர்கள் நூற்றுக்கணக்கில இருக்குன்னு அரசு அறிக்கையே சொல்லுது. அதாவது, நல்லா நிர்வகிச்சாலும் தண்ணி இறங்கும்னு ஒத்துக்கிட்டுத்தான் சட்டம் போட்டிருக்காங்க. அங்க ஒரு பண்ணைக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர். நம்ம ஊர்ல ரெண்டு மா வச்சிருக்கிறவருக்கு எந்த கம்பெனி வந்து ஈடு கொடுக்கும்?

நம்ம ஆளுங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். நெடுவாசலை "மீத்தேன் திட்டம்"னு ஃபார்வர்ட் பண்ணாதீங்க. 2017-ல அங்க வந்தது ஹைட்ரோகார்பன் திட்டம். தப்பா போட்டா எதிர்த்தரப்பு அதை மட்டும் பிடிச்சுக்கிட்டு மொத்தத்தையும் பொய்னு சொல்லிடும். அதே நேரம் 2016-ல வந்த கொள்கைப்படி எண்ணெய், ஷேல், மீத்தேன் எல்லாத்துக்கும் ஒரே உரிமம். அதனால பேரு மாறி வந்தாலும் விவரத்தைப் படிக்கணும்.

நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பர்ல காலமானது பட்டுக்கோட்டைப் பக்கம், இதுக்காக ஊர் ஊரா பிரச்சாரம் பண்ணிக்கிட்டு இருந்தப்போ. 2015-ல மாநில அரசு தடை போட்டுச்சு. 2020-ல வேளாண் மண்டலச் சட்டம் வந்துச்சு. ஆனா அந்தச் சட்டத்துல அரியலூர் இல்ல, திருச்சி இல்ல. ஏற்கெனவே நடந்துக்கிட்டிருந்த கிணறுகளையும் அது தொடல. 2023 மார்ச் கடைசியில வடசேரி, சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டின்னு மூணு நிலக்கரி பிளாக்கை ஒன்றிய அரசு ஏலப் பட்டியல்ல போட்டது ஞாபகம் இருக்கா? எதிர்ப்பு கிளம்பினதும் சில நாள்ல எடுத்துட்டாங்க. அதுல மைக்கேல்பட்டி அரியலூர் மாவட்டம், மண்டலத்துக்கு வெளிய.

இந்த ஓட்டையை அடைக்கணும். அரியலூர், திருச்சி பாசனப் பகுதிகளை மண்டலத்துல சேர்க்கச் சொல்லி அடுத்த கிராம சபையில தீர்மானம் போடுங்க. கூடவே உங்க ஊர் போர்களோட நீர்மட்டத்தையும் உப்புத்தன்மையையும் இப்பவே அளந்து தேதியோட நோட்டுல எழுதி வைங்க. நாளைக்கு யாராவது "முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சு"ன்னு சொன்னா எடுத்துக் காட்ட அது கையில இருக்கும்.

#காவிரிப்படுகை