கரடி வளர்த்த பிள்ளை

திருகோணமலைக்காரரான எஸ். இன்னாசித்தம்பி 1891இல் வெளியிட்ட ‘ஊசோன் பாலந்தை கதை’யை எமது வாசிப்பு வட்டத்தில் அண்மையில் வாசித்தோம். சித்திலெவ்வையின் ‘அசன்பே சரித்திரம்’ 1885இல் வந்தது. ஈழத்து நாவல் வரிசையில் அதற்கு அடுத்ததாகப் பேசப்படுவது இது. ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிய ‘வலன்டைன், ஓர்சன்’ கதையின் தமிழ் வடிவம். பொய்ப்பழி சுமந்து துரத்தப்பட்ட அரசி காட்டிலே இரட்டைப் பிள்ளைகளைப் பெறுகிறாள். ஒன்றைக் கரடி கவ்விச் செல்கிறது. அதன் பின்னே அவள் ஓட, மற்றது அரசன் கையில் அகப்பட்டு அரண்மனையில் வளர்கிறது. (பழைய கதையில் அந்தப் பொய்யைக் கட்டியவர் பெரிய குருவானவர் ஒருவர். எம்மைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம்.)

“கரடி எங்க சுவாமி பிள்ளை வளர்க்கப் போகுது? முகத்தைக் கிழிச்சுப் போடும்” என்றார் ஒரு கமக்காரர். விறகுக்குக் காடேறிக் காயப்பட்டவர்களைக் கண்டவர் அவர்.

இப்படியான கதையை விளையாட்டுக் கதை என்று குருமடத்தில் படித்த நாளில் நாமும் ஒதுக்கினோம். இப்போது அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. தாய் ஓடும் இடத்தை வாசித்தபோது பெண்கள் பக்கத்தில் பேச்சில்லை. 2006இல் மூதூர் கிழக்கிலிருந்து வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்புவரை பிள்ளைகளோடு ஓடியவர்கள் அவர்களுள் இருந்தார்கள்.

எமக்குப் பட்டது வேறொன்று. வளர்ந்தபின் காட்டிலே சந்திக்கும் சகோதரர் இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் முதலிலே அடிபடுகிறார்கள். எமது வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. 1990இல் வள்ளமேறித் தமிழகத்து முகாமில் வளர்ந்த தம்பி திரும்பி வருகிறான். அவனுக்கு வரம்பு கட்டத் தெரியாது, பெரும்போகத்துக்கு எப்போது விதைப்பதென்றும் தெரியாது. “இவனுக்கு ஏன் காணி?” என்கிறார் வயலை விடாது காத்த அண்ணன். அண்ணன் பட்ட பாட்டை நாம் மறுக்கவில்லை. என்றாலும் ஊசோனுக்கு அரண்மனைப் பழக்கம் தெரியாது என்பதற்காக அவன் அரசியின் பிள்ளை இல்லாமற் போய்விடவில்லை. தாய் தேடி ஓடியதும் அவனைத்தான். இதைச் சொன்னபோது இரண்டொருவர் எம்மை முறைத்துப் பார்த்தார்கள்.

கூட்டம் கலையும் நேரத்தில் ஒரு அம்மா கேட்டார்: “அது சரி சுவாமி, அவனைப் பால் குடுத்து வளர்த்த கரடிக்கு என்ன நடந்தது?” அவருடைய பேரனையும் அயலவர்தான் வளர்த்தார்கள்.