ஏழையாய் இருந்தால்தான் பாசம் பொங்குமா?

போன வாரம் விடுதியில் ஆறு பேர் ஒரே லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து 'எக்கோஸ் ஆஃப் தி ரெயின்போ' பார்த்தோம். 2010-ல் வந்த ஹாங்காங்கின் காண்டனீஸ் படம். முடிந்தபோது மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் அடியேன். ஆகவே கீழே நான் திட்டுவதெல்லாம் அழுதுவிட்டு வந்து திட்டுவதுதான்.

கதை எளிமையானது. 1960-களின் ஹாங்காங். அப்பா செருப்பு தைக்கிறார் (சைமன் யாம்). அம்மா வாய்ச் சாமர்த்தியத்தில் குடும்பத்தை ஓட்டுகிறார் (சாண்ட்ரா ங்). மூத்த பையன் படிப்பிலும் ஓட்டத்திலும் கெட்டிக்காரன், சின்னவன் வால் பையன். புயல் வருகிறது, கூரை போகிறது. மாமூல் கேட்கும் போலீஸ் வருகிறது, கொடுத்துவிட்டுப் பிழைப்பைப் பார்க்கிறார்கள். பிறகு மூத்தவனுக்கு ரத்தப் புற்றுநோய். இயக்குநர் அலெக்ஸ் லா தன் சொந்தப் பால்யத்தை வைத்து எடுத்த படம் என்பதால் கண்ணீர் எதுவும் பொய்யில்லை.

என்னைக் கடுப்பேற்றியது படம் இல்லை. முடிந்தவுடன் அறைத்தோழன் விட்ட பெருமூச்சு. "அந்தக் காலத்துல காசு இல்லைடா... ஆனா குடும்பம்னு ஒண்ணு இருந்துச்சு."

இந்தப் பதிவு அந்த ஒரு வாக்கியத்துக்கான பதில்.

நான் பி.காம். எங்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லித்தருவது, பேரேட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது. இந்த மலரும் நினைவுப் படங்கள் வரவுப் பக்கத்தை மட்டும் விரித்து வைக்கின்றன. பாசம், பக்கத்து வீட்டுச் சோறு, ஒரே தெருவே ஒரே குடும்பம். பற்றுப் பக்கத்தில் என்ன இருந்தது? 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதியில் பிடித்த தீயில் 50,000 பேருக்கு மேல் வீடு இழந்தார்கள். 1967 கலவரத்தில் 51 பேர் செத்தார்கள். இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வியே 1971-ல்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஒரு குவளைத் தண்ணீர் வேண்டுமென்றாலும் ஆயாவுக்கு 'டீக்காசு' தரவேண்டியிருந்தது.

இப்போது அந்தக் குடும்பத்தைப் பாருங்கள். அதுதான் பள்ளிக்கூட நிதி, அதுதான் மருத்துவக் காப்பீடு, அதுதான் ஓய்வூதியம். வேறு யாரும் செய்யாததால் அம்மாவும் அப்பாவும் சம்பளமில்லாமல் செய்த வேலை அது. அந்த வேலைக்குப் 'பாசம்' என்று பேர் வைத்துவிட்டால் யாரும் யாருக்கும் பாக்கி இல்லை, கணக்கு முடிந்தது! பாசம் பொய் என்று சொல்லவில்லை. அரசாங்கம் தரவேண்டியதையெல்லாம் பாசத்தின் தலையில் கட்டியதை அழகு என்று சொல்லாதீர்கள் என்கிறேன்.

சரி, அந்த டீக்காசு எப்படி ஒழிந்தது? பொறுமையாலா? பீட்டர் காட்பர் என்ற பெரிய போலீஸ் அதிகாரி ஊழல் விசாரணைக்கு நடுவிலேயே 1973-ல் இங்கிலாந்துக்குக் கம்பி நீட்டினார். ஜனங்கள் கொதித்தார்கள். மாணவர்கள் (ஆமாம், நம்ம வயசுப் பையன்களும் பெண்களும்தான்) தெருவில் இறங்கி அவரைப் பிடித்து வா என்று கத்தினார்கள். 1974-ல் ஊழல் தடுப்புக்கென்று சுயேச்சையான ஆணையம் வந்தது. 1975-ல் காட்பரைக் கொண்டுவந்து உள்ளே தள்ளினார்கள். செருப்புக்கடைக் குடும்பத்துக்கு உண்மையில் உதவியது கூச்சல். ஆனால் நினைவில் நிற்பதோ சகிப்பு.

இன்னொரு வேடிக்கை. அந்தக் காலத்துக் காண்டனீஸ் படங்களே இப்படி இல்லை! 1953-ல் வந்த 'இன் தி ஃபேஸ் ஆஃப் டெமாலிஷன்' பாருங்கள் (சின்னப் பையனாக புரூஸ் லீ வருகிறார்). இடிந்து விழக் காத்திருக்கும் வீட்டில் ஒண்டுக்குடித்தனக்காரர்கள். அதில் ஒரு வாத்தியார் வேலை போய், வாடகை வசூலிப்பவராக மாறி, கூட இருந்தவர்களையே மிரட்டுகிறார். வறுமை மனிதனை நல்லவனாக்கும் என்று அந்தப் படம் நம்பவில்லை. தன் குடும்பம் மட்டும் போதாது, எல்லாரும் ஒன்றாய் நின்றால்தான் பிழைப்பு என்கிறது. வறுமைக்குள் இருந்து எடுத்தவர்களுக்குக் கோபம் இருந்தது. ஐம்பது வருஷம் தள்ளி நின்று பார்க்கும் நமக்கு ஏக்கம் வருகிறது.

இந்த ஏக்கத்தை யார் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் முக்கியம். 2002-ல் வேலையில்லாத் திண்டாட்டத்தில் ஹாங்காங் தவித்தபோது, நிதிச் செயலர் ஆண்டனி லியுங் பட்ஜெட் உரையில் 'சிங்கப்பாறையின் கீழே' என்ற பழைய தொலைக்காட்சித் தொடரின் பாட்டு வரிகளை எடுத்துவிட்டார். அன்றைக்குக் கஷ்டப்பட்டு முன்னேறவில்லையா, இன்றைக்கும் அப்படியே என்பது பொருள். வேலை கேட்டவனுக்குப் பாட்டு!

விங் லீ தெருவை மறந்துவிட்டேனே. படம் எடுத்த இடம். பெரும்பகுதியை இடிக்கத் திட்டம் இருந்தது. காப்பாற்றச் சொல்லிக் கேட்டவர்களும் இருந்தார்கள். 2010 பிப்ரவரியில் படம் பெர்லினில் குழந்தைகள் நடுவர் குழுவின் பரிசு வாங்கியது. அடுத்த மாதமே தெருவை விட்டுவைக்க முடிவானது. சந்தோஷம்தான். ஆனால் யோசியுங்கள்: ஒரு தெரு பிழைக்க அது முதலில் சினிமாவில் அழகாகத் தெரிய வேண்டியிருந்தது. கேமரா போகாத தெருக்காரன் என்ன செய்வான்?

"ஒருத்தர் செத்துப்போன அண்ணனை நினைத்துப் படம் எடுத்தால் அதில் போய் சரித்திரம் கேட்கிறாயே?" என்பீர்கள். நியாயமான கேள்வி. அலெக்ஸ் லாவிடம் எனக்கு வழக்கு இல்லை, அவர் துக்கம் அவர் உரிமை. வழக்கு நம்மிடம்தான். ஒரு வீட்டின் இழப்பை எடுத்து, 'அந்தக் காலம் பொற்காலம்' என்பதற்குச் சாட்சியாக நிறுத்துகிறோமே, அதனிடம்தான்.

அந்த அம்மாவிடம் போய், பாசமான அந்த வருஷங்கள் வேண்டுமா, காசு கேட்காத ஆஸ்பத்திரி வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். அவர் எதைக் கேட்பார் என்று என் அறைத்தோழனுக்கும் தெரியும்.

டிஸ்கி: படத்தைப் பார்க்காதீர்கள் என்று நான் எங்கும் சொல்லவில்லை. பாருங்கள், அழுங்கள். பெருமூச்சு மட்டும் வேண்டாம்.