மூச்சு முடியும் இடம்

1971 ஒக்டோபர். இலண்டனில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம். உள்ளே இருந்தவர்கள் பாடகர் நிக் டிரேக்கும் ஒலிப்பதிவாளர் ஜோன் வூட்டும் மட்டுமே. இரண்டே இரவுகளில் 'பிங்க் மூன்' இசைத்தொகுப்பு முடிந்தது. 11 பாடல்கள், 28 நிமிடங்கள். ஒரு குரல், ஒரு கிட்டார். முதற்பாடலில் மட்டும் கொஞ்சம் பியானோ. 1972இல் வெளிவந்தபோது அதை வாங்கியவர்கள் மிகச் சிலர். 1974இல், 26 வயதில் டிரேக் இறந்தார். இன்று இசை அறிந்தவர்கள் 'பிங்க் மூன்' தொகுப்பைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

அந்தத் தொகுப்பில் விரல் கம்பியில் உராய்வதுகூடக் கேட்கும். தனக்குள் பாடிக்கொண்டிருப்பவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்ததுபோல இருக்கும்.

மன்னார்க் கரையோர ஊரான வங்காலைக்கு இந்த அனுபவம் புதிதல்ல.

தவக்காலம் வந்தால் மன்னார்க் கரையோரக் கத்தோலிக்க ஊர்களில், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கப்படும். ஒருவர் இராகத்தோடு வாசிக்க, மற்றவர்கள் ஒப்பாரியை எடுப்பார்கள். மகனைப் பறிகொடுத்த தாயின் புலம்பலுக்கு மேளம் வேண்டியதில்லை. கடைசிச் சொல்லை இழுத்து, மூச்சு முடியும் இடத்தில் குரல் இலேசாக உடையும். அந்த உடைவை யாரும் பிழையென்று சொல்வதில்லை. கேட்பவர் கண் நிறைவதே அங்கேதான்.

வியாகுலப் பிரசங்கத்தை எழுதிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் கோவாவில் பிறந்தவர். 1705இல் இலங்கைக்கு வந்து 1742இல் இங்கேயே கண்மூடினார். கத்தோலிக்க வழிபாட்டை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த காலம் அது. குருமார் மறைந்து திரிந்தார்கள். சனங்கள் ஒளித்துக் கூடினார்கள். அப்படிப்பட்ட நாள்களில் எழுந்த எழுத்து, இன்றும் வாய்விட்டு வாசிக்கப்படுகிறது.

வங்காலைக்கு இந்தத் துயரம் ஏட்டோடு முடிந்துவிடவுமில்லை. பங்குத்தந்தை மேரி பஸ்ரியான் அடிகளார் 1985 ஜனவரி 6 அன்று இவ்வூரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் வந்த ஒவ்வொரு பெரிய வெள்ளியிலும் அந்தப் புலம்பலுக்குள் ஊரின் அழுகையும் சேர்ந்துகொண்டது.

டிரேக்கின் தனிமையை உருகி உருகிக் கேட்கும் இளையவர்கள், ஆச்சியின் ஒப்பாரியைப் பழசு என்று ஒதுக்குவது மனதை வருத்துகிறது. அதைப் பதிவுசெய்ய முன்வருபவர்களும் அடியில் கீபோர்ட்டைச் சேர்த்து, எதிரொலியை ஏற்றி, அந்த உடைவைத் துடைத்துவிடுகிறார்கள்.

பெரிய கூடம் எதுவும் தேவையில்லை. கதவைச் சாத்திய ஓர் அறையும் ஒரு கைத்தொலைபேசியும் போதும். இருமலை வெட்ட வேண்டாம். இடையில் வரும் மௌனத்தையும் குறைக்க வேண்டாம். பாடியவர் யார், எந்த ஊர், இராகத்தை யாரிடம் கற்றார் என்பதைக் கூடவே எழுதிவையுங்கள். வருகிற தவக்காலத்தில், பாடத் தெரிந்த ஆச்சிமாரின் வீட்டுத் திண்ணையிலிருந்தே இதைத் தொடங்கலாம்.