சாவி கொடுத்தா போதுமா சார்?

எங்க தெருவுல ஒரு அப்பா, பத்தாவது படிக்கிற பையன்கிட்ட ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்து பால் வாங்க அனுப்புறார். "சூப்பரா ஓட்டுறான் தம்பி"ன்னு பெருமை வேற!

2019 சட்டத் திருத்தப்படி, பிடிபட்டா அப்பாவுக்கு மூணு வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. என் பி.காம் மூளை கேக்குது: ஒரு பாக்கெட் பாலுக்கு இவ்வளவு விலையா?

அதே அப்பா, 18 முடிஞ்சு எல்எல்ஆர் வாங்கின பொண்ணுகிட்ட, "சொல்லித்தர நேரமில்லம்மா"ங்கிறார்.

எனக்குப் பின்னாடி உட்கார்ந்து, திட்டித் திட்டி எட்டு போட வெச்சது எங்க அக்கா. எல்எல்ஆர் வாங்கி 30 நாள் கழிச்சுதான் டெஸ்ட். சாவி கொடுக்க ஒரு நிமிஷம் போதும். அந்த 30 நாள் கூட இருக்கிறதுதான் சார் பாசம்!